எது போலே?

யாழினி, பள்ளிக்கூடம் திறந்த அன்று உன் டீச்சர், "மலேசியா போனியே, என்ன வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வாங்கிட்டு வரல மிஸ், பெட்டியத்தான் விட்டுட்டு வந்தோம்" என்று நீ பதில் சொன்னதாக அம்மா சொன்னாள். கதிர், நீயும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அப்பா நல்ல பெட்டிய யாரோ ஒரு தாத்தாகிட்ட குடுத்துட்டு வந்துட்டாரு" என்கிறாய். அவர் யாரோ ஒரு தாத்தா இல்லை. அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் இரண்டு பேரும் பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால், யாழினி, நீ திருத்திக்கொள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருடம் பழகியவரின் பெயர் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். தமிழர்கள் அவரை 'போலே அண்ணன்' என்றார்கள். சீனர்கள் 'போலே பாஸ்' என்றார்கள். கடைக்கும் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருந்த ஒரே ஒரு பலகையும் வேறு யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால், எனக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்னால், நான் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். ரொட்டி சானாய் போடுவேன். நம் ஊர் பரோட்டாவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் கீழே அவருடைய ரிப்பேர் கடை, மேல்மாடியில் நாங்கள் ஐந்து பேர். ஆகவே தினமும் படியிறங்கியதும் நான் பார்க்கும் முதல் முகம் அவருடையதுதான்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மாவாட்டும் கிரைண்டர் நின்றுவிட்டது. பின்னால் ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு மின்விசிறியின் வயிற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டிருந்தார்.

"அண்ணே, கிரைண்டர் ஓடல. சரியாகுமா?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போலே" என்றார்.

மீதி வரும் என்று நான் நின்றேன். நமக்கெல்லாம் 'போலே' என்றால் அதற்கு முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். பால் போலே, பஞ்சு போலே என்று. இவர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னாலும் ஒன்றும் சொல்லவில்லை.

"எது போலே அண்ணே?"

"என்னது?"

"போலேன்னீங்களே. எது போலே?"

அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"போலேன்னா போலே லா." அந்த ஊரில் பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"இல்லண்ணே, பழசு போலே ஆயிடுமா, புதுசு போலே ஆயிடுமா?"

பக்கத்தில் ஒரு ஆன்டி பெஞ்சு போட்டுப் பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மல்லிகை எல்லாம் தரையில் கொட்டியது. "ஐயோ தம்பி, ஊர்லேர்ந்து இப்பத்தான் வந்து எறங்குனியா? மலாய்ல போலேன்னா முடியும்னு அர்த்தம். உன் கிரைண்டர சரி பண்ண முடியுமாம், போ."

"எப்ப முடியும் ஆன்டி?"

"அத மட்டும் இவருகிட்ட கேக்காத" என்றார் ஆன்டி.

அன்று முதல் அவர் எனக்கு வைத்த பெயர் 'எது போலே'. "டேய் எது போலே, தண்ணி குடிச்சியா?" என்பார். அங்கே தண்ணி என்றால் டீ, காப்பி, மைலோ எதுவானாலும் தண்ணிதான். என் சொந்தப் பெயரை அவரும் கேட்கவில்லை. ஒரே சொல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம்.

கிரைண்டர் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. முன்பு லாரி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்த கிரைண்டர், அதற்கப்புறம் ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் முடித்துக் கொடுத்தால் வேலை அவ்வளவு சுத்தம். முடித்துக் கொடுத்தால்.

ஏனென்றால் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. மலாய் மொழியில் 'தா' என்று முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும், 'தா போலே', முடியாது என்று அர்த்தமாகிவிடும். அந்த ஓர் எழுத்து அவர் வாயிலிருந்து வராது. மழையில் நனைந்த வானொலி கொண்டுவந்தால் போலே. கால் உடைந்த கட்டில் போலே. ஒரு கோயில் குருக்கள் நாக்கு விழுந்த மணியைக் கொண்டுவந்தார், போலே. ஒரு மலாய்க்கார அங்கிள் பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, இது உங்கள் வேலை இல்லைதான் என்று தயங்கித் தயங்கிப் பிரித்துக் காட்டினார். அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, போலே என்றார். நானும் இரண்டாம் வருடம் என் அயன் பாக்ஸைக் கொடுத்தேன். அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் என்பது அவருக்கு ஒரு கிழமை இல்லை, ஒரு திசை. அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கும்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார். வரும்போதெல்லாம் கடையின் கோடியில், பதினைந்து மின்விசிறிகளுக்கு அடியில் கிடக்கும் ஒரு துணி துவைக்கும் மெஷினை ஒரு பார்வை பார்ப்பார். அது அவருடையது. "ஊருக்கெல்லாம் போலே. என் மெஷின் மூணு வருசமா போலே. என் கையப் பாரு தம்பி, சவுக்காரத்துல ஊறி ஊறி" என்று என்னிடம் காட்டுவார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல், "செய்வேன் லா. அவங்க எல்லாம் வெளி ஆளு. நீ நம்ம ஆளு, காத்திருப்ப" என்பார்.

"காத்திருக்கேன், காத்திருக்கேன். நான் போனப்புறம் நீங்களே துவைச்சுக்குங்க."

ஒரு தடவை பக்கத்துக் கோயிலில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி ஓடவில்லை என்று கொண்டுவந்தார்கள். மறுநாள் மாலை வேண்டும் என்றார்கள். போலே என்றார். மறுநாள் மாலை கோயில்காரர்கள் வந்தபோது ஒலிபெருக்கி எட்டுத் துண்டாகத் தாளில் பரப்பிக் கிடந்தது. அவர்கள் கத்தினார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். நானும் பின்னால் போனேன். கோயில் வாசலில் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு, "அன்னதானம் இப்போது ஆரம்பம்! பால்குடம் எடுக்கிறவங்க வலது பக்கம் வாங்க! பச்சைச் சட்டை போட்ட சின்னப் பொண்ணு ஒண்ணு அம்மாவக் காணோம்னு இங்க நிக்குது!" என்று மூன்று மணி நேரம் அவரே கத்தினார். பெண் கிடைத்தது, அன்னதானம் நடந்தது. அண்ணனுக்கு ஒரு வாரம் குரல் இல்லை. அந்த ஒரு வாரமும் ஆட்கள் சாமானோடு வந்தார்கள். வாய் போனால் என்ன, தலை இருக்கிறதே. மேலும் கீழுமாக ஆட்டினார்.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு சீன ஆன்டி புதன்கிழமை தோறும் வருவார். அவர் கொடுத்திருந்தது ஒரு ஒலிநாடா. இறந்துபோன கணவர் பேசிப் பதிந்தது. காரில் வெயிலில் கிடந்து உருகிவிட்டது. அண்ணன் போலே என்று சொல்லியிருந்தார். ஆன்டி வந்து, தமிழும் மலாயும் கலந்து, "ஆச்சா தம்பி?" என்பார். "இன்னும் கொஞ்சம், ஆன்டி" என்பார் இவர். ஆன்டி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இப்படி ஒரு வருடம். ஒரு நாள் நான் அதை எடுத்துப் பார்த்தேன். நாடா உருகி ஒட்டி ஒரே கட்டி. அதிலிருந்து எந்தச் சத்தமும் வராது என்று எனக்கே தெரிந்தது.

"இது எப்படிண்ணே முடியும்?"

"தெரியல."

"அப்ப முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே. பாவம், வாராவாரம் பஸ் ஏறி வராங்க."

"நீ சொல்லு" என்றார். "புதன்கிழமை வருவாங்க. நீயே சொல்லேன், பாப்போம்."

புதன்கிழமை ஆன்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆச்சா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். நான் எங்கள் கடைக்கு ஓடிப்போய் அவருக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தவிர என்னால் வேறு ஒன்றும் முடியவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவருக்குத் தெரியும். சில மாதம் கழித்து ஆன்டி வருவது நின்றுவிட்டது. ஒலிநாடா ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அவர் செய்தது சரி என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுமே, அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. அது நல்ல குணமா, கோழைத்தனமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறாவது வருடம், அந்தச் சந்து முழுவதையும் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று ஆனது. முதலாளி கடையை மூடினார். என் பெர்மிட் அந்தக் கடையோடு கட்டியது. கடை இல்லையென்றால் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லையென்றால் நாட்டில் இருக்கக் கூடாது. எனக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஊரில் உங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. என்னோடு தங்கியிருந்த ஒருவன், அவன் பெயரை இங்கே எழுதவில்லை, "போகாத மச்சான். செலாயாங் மார்க்கெட்ல மூட்டை தூக்கலாம். பெர்மிட் கேக்க மாட்டாங்க. நாலஞ்சு வருசம் ஓட்டிட்டுப் போலாம்" என்றான். அவன் அப்படியே செய்தான். எனக்கு மார்க்கெட் வேண்டாம் என்று தோன்றியது. அதைவிட நல்ல யோசனை ஒன்று வைத்திருந்தேன். அண்ணன் கடையை வேறு இடத்துக்கு மாற்றுவார். அங்கே பின்னறையில் நான் ஒளிந்து இருந்துகொள்வது. பழைய மின்விசிறிகளுக்கு நடுவில் யார் வந்து தேடப்போகிறார்கள்?

கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். பல் செட்டுக்கே போலே சொன்ன மனிதர். அதனால் தைரியமாகப் போய்க் கேட்டேன். காலை பத்து மணி இருக்கும். அவர் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெர்மிட் முடியுது. நான் ஊருக்குப் போகல. புதுக் கடையில உங்களோடயே இருந்துக்கறேன். வெளிய தல காட்ட மாட்டேன். உங்களுக்கும் ஒரு கை ஒத்தாசை."

திருகாணியை முழுதும் கழற்றினார். அதைக் கிண்ணத்தில் போட்டார்.

"தா போலே" என்றார்.

வந்த புதிதில் இதைக் கேட்டிருந்தால், 'தா' என்கிறாரே, எதையோ கேட்கிறார் என்று கையில் இருந்ததை நீட்டியிருப்பேன். ஆறு வருடம் ஆகியிருந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனாலும் நின்றேன், அன்றைக்குப் போலவே, மீதி ஏதாவது வரும் என்று. வரவில்லை. அடுத்த திருகாணியை எடுத்தார். அவர் கை அதில் சரியாகப் பொருந்தவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது. அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது எனக்கு வந்தது கோபம்தான். ஊரில் இருக்கிற ஓட்டை உடைசலுக்கெல்லாம் இடம் இருக்கிறது, எனக்கு இடமில்லையா என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பத்து நாள் வேறு படி வழியாக இறங்கினேன்.

போகிற அன்று காலை, பையோடு சந்தின் எதிர்ப்பக்கம் நடந்தேன். அவர் கடை வாசலில் ஒரு விசிறியின் இறக்கையைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி நடந்தேன். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வருடம் தினமும் என்னைத் தண்ணி குடிச்சியா என்று கேட்ட மனிதரிடம்.

செலாயாங் போனவன் கதையை உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். மூன்றாம் வருடம் ஒரு சோதனையில் மாட்டினான். உள்ளே இருந்தான். அந்த நேரத்தில் அவன் அப்பா இறந்துபோனார், முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அனுப்பிவைத்தார்கள். இனிமேல் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது என்று எழுதி அனுப்பினார்கள். அவன் நம் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுப் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா என்னவென்று கேட்டாள். அன்றுதான் போலே அண்ணனைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் நமது டிபன் கடை ஓடத் தொடங்கி, நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்து, விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று அம்மா பார்த்துச் சொல்லி, நாம் நான்கு பேரும் போனோம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த அந்தப் பெண், திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாளே, அப்போது உன் கையை ஏன் இறுகப் பிடித்தேன் என்று, கதிர், நீ கேட்டாய். "எத்தனை நாள்?" என்றாள். நாலு நாள் என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆறு வருடம் அந்த ஊரில் வேலைக்காரனாக இருந்தேன். இப்போது சுற்றிப் பார்க்க வந்தவன். ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் என்னைத் திரும்ப உள்ளே விட்டார்கள் என்றால், அதற்கு அந்தத் 'தா' என்ற ஓர் எழுத்துதான் காரணம்.

மூன்று நாள் உங்களைக் கோபுரம், குகைக் கோயில் எல்லாம் சுற்றிக் காட்டினேன். தைரியம் வரவில்லை, அதனால் தள்ளிப்போட்டேன். கடைசி நாள், அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளோடு பிரிக்பீல்ட்ஸ் போனோம். சந்து இல்லை. எங்கள் படிக்கட்டு இருந்த இடத்தில் கார் உள்ளே போகும் வாசல், மேலே கண்ணாடியாக நாற்பது மாடி. நான் மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன், யாழினி, நீ என் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாய். சாக்கடை மூடியின் இடுக்கில் சக்கரம் மாட்டி, பட்டென்று பிளந்துபோனது. நீ அழுதாய். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் பூக்கடை ஆன்டியைப் பார்த்தேன். இப்போது அவருக்குக் கூரை போட்ட கடை, முடி முழுக்க வெள்ளை. அவருக்கு என்னை ஞாபகமில்லை. போலே அண்ணன் எங்கே என்றதும் சிரித்தார்.

"அவரு கிள்ளானுக்குப் போயி ரொம்ப வருசமாச்சே."

"நம்பர் இருக்கா ஆன்டி?"

"இருக்கு. அடிச்சா எடுக்க மாட்டாரு. அவரு போனு ரிப்பேர்ல இருக்கும்." அட்டையில் தெருப் பெயரை எழுதிக் கொடுத்தார். "வீட்டு நம்பர் தெரியாது. எந்த வாசல்ல ஃபேன் குமிஞ்சு கெடக்கோ அதான் வீடு."

கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரவு விமானம். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பிளைட்ட விட்டுட்டா என்ன பண்றது? உங்க அண்ணன் வீட்லயே இருந்துக்கலாமா?" என்றாள்.

"அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றேன். அதற்கு அம்மா சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து, "அப்பாவுக்கு ரயில்ல தல சுத்துது" என்று, கதிர், நீ சொன்னாய். தலை சுற்றவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முகம் கொடுத்துப் பேசுவாரா என்று தெரியவில்லை. இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

வரிசை வீடுகளில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கார் நிற்க வேண்டிய இடம் முழுக்க விசிறிகள். நடுவில் ஒரு முக்காலியில் அவர். உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணாடி தடித்திருந்தது.

"யாரு?" என்றார்.

என் பெயரைச் சொல்லிப் பயனில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எது போலே?" என்றேன்.

திருப்புளியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"டேய்! எது போலே!" என்று எழுந்தார். எழுந்தவர் முகம் உடனே வாடியது. "ஐயோ, உன் அயன் இன்னும் ரெடி ஆகல லா."

பதினான்கு வருடத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் சொன்ன முதல் செய்தி அதுதான்.

அக்கா வந்தார். "தண்ணி குடிக்கிறீங்களா கண்ணுங்களா?" என்று உங்களைக் கேட்டார். "வேணாம் பாட்டி, பாட்டில்ல இருக்கு" என்று, யாழினி, நீ காட்டினாய். அப்படியும் இரண்டு கோப்பை மைலோ வந்ததும், தண்ணி கேட்டால் இது வருகிறதே என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, நான் போன அன்னைக்கு நீங்க கையத் தூக்குனீங்க. நான் பாத்தேன். பாக்காத மாதிரி போயிட்டேன். நீங்க தா போலேன்னு சொன்ன கோவம்."

"நானா?" என்றார். "நான் அப்படிச் சொல்ல மாட்டேனே."

"சொன்னீங்கண்ணே."

"இருக்காது. கைய எதுக்குத் தூக்கப் போறேன்? ஃபேன் ரெக்க வளைஞ்சிருக்கான்னு வெயில்ல காட்டிப் பாத்திருப்பேன்."

"பொய்" என்றார் அக்கா கதவோரமாக நின்று. "சொன்னாரு தம்பி. இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவ, உனக்குத்தான் சொன்னாரு. மறுநாள் விடிஞ்சதும் போயி ஃபேன எல்லாம் எறக்கிப் போட்டுட்டு என் மெஷினப் பிரிச்சாரு. மூணு நாள். வேற ஒரு சாமான் தொடல. நாலாம் நாள் மெஷின் ஓடுச்சு. இப்பவும் ஓடுது, உள்ள சத்தம் கேக்குதா பாரு."

கேட்டது. அதாவது, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்டது.

அண்ணன் கோபமாக இருப்பவர் மாதிரி ஒரு கம்பியை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினார். கம்பியிடம் பேசுவது போல, "சாமான எத்தன வருசம் வேணும்னாலும் போட்டு வெக்கலாம். ஆளப் போட்டு வெக்க முடியுமா?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு உங்களைப் பார்த்து, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அதற்குள் அம்மா, "ஏங்க, மணி ஆச்சு" என்றாள். யாழினி, நீ பெட்டியைத் தூக்கினாய். அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பிளந்த சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சரியாகுமா தாத்தா?" என்றாய் நீ.

"போலே" என்றார்.

கதிர், நீ என் சட்டையை இழுத்து, காதில் கேட்டாய். "எது போலேப்பா?"

மெதுவாகத்தான் கேட்டாய். ஆனால் அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. முதலில் அவர் சிரித்தார், பிறகு அக்கா, பிறகு நான். என்ன சிரிப்பு என்று தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் நின்றீர்கள். பூக்கடை ஆன்டி இருந்திருந்தால் மறுபடி மல்லிகை கொட்டியிருக்கும்.

விமானத்துக்கு நான்கு மணி நேரம்தான் இருந்தது. கொடுங்கள் அண்ணே, ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியை வாங்கியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்த பார்வையும் அதைத்தான் சொன்னது. அவர் அதற்குள் சக்கரத்தின் ஆணியைத் தேடத் தொடங்கியிருந்தார். நான் பெட்டியைத் திறந்து துணிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். அக்கா உள்ளே போய் ஒரு அரிசிச் சாக்கு கொண்டுவந்தார். துவைத்து மடித்து வைத்திருந்த சாக்கு. அதில் போட்டுக் கட்டினோம். விமான நிலையத்தில் எல்லோரும் சாக்கைப் பார்த்தார்கள் என்று யாழினிக்கு வெட்கம். எனக்கு இல்லை.

வாடகைக் கார் வந்ததும் நான் போய் அவர் முன்னால் நின்றேன். "போயிட்டு வரேன் அண்ணே" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவர் மடியில் பெட்டி, ஒரு கையில் சக்கரம். மற்றக் கையைத் தூக்கினார். இந்தத் தடவை அந்தக் கையில் விசிறி இறக்கை எதுவும் இல்லை. நானும் தூக்கினேன், கார் திரும்பும்வரை.

பெட்டி விஷயம் இதுதான். எப்போது கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அவரைக் கேட்கவில்லை. என் அயன் பாக்ஸும் அங்கேதான் இருக்கிறது. நான் போவேனோ மாட்டேனோ, நீங்கள் பெரியவர்களாகி ஒருநாள் போங்கள். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி, விசிறி குவிந்து கிடக்கும் வாசலில் நின்று, "எது போலே வீட்டுப் பிள்ளைங்க" என்று சொல்லுங்கள். ரெடியா என்று கேளுங்கள். ஆகியிருக்காது. உட்கார்ந்து தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

எத்தனை நாள் தங்கலாம் என்று பாஸ்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.